துடிப்புக்கு மடையா, வாயிலா?

ஐயா, வணக்கம்.

இதயத் துடிப்போடு ஒத்து எம்.ஆர்.ஐ. படம் எடுக்கும் 'கேட்டிங்' (gating) முறைக்குத் தாங்கள் முன்மொழிந்த 'வாயிலிடல்' என்ற சொல்லைக் கம்பம் ஊரில் என்னோடு ஸ்கேன் அறையில் இருப்பவர்களிடம் சொன்னேன். "நோயாளியை வாசலில் உட்கார வைப்பதா?" என்று கேட்டார்கள். பேச்சில் எங்களுக்குக் 'கேட்டிங்' போதும்; குமுளியிலிருந்து இறங்கிவருகிற மலையாளிகளுக்கும் அது புரிகிறது. எழுதும்போதுதான் இடறுகிறது.

இதயத்தை எம்.ஆர்.ஐ. எடுக்கும்போது வழக்கமாக ஒரே துடிப்பில் படம் முடிந்துவிடாது. பத்துப் பதினைந்து நொடி மூச்சை அடக்கச் சொல்லி, துடிப்புக்குக் கொஞ்சமாகத் தரவு சேர்க்கிறோம். நிமிடத்துக்கு 75 துடிப்பு என்றால் ஒன்றுக்கு 800 மில்லிநொடி. ஒவ்வொரு முறையும் அதன் அதே கட்டத்தில் எடுத்தால்தான் படம் கலங்காது. அதனால் ஈ.சி.ஜி.யில் ஆர் அலை (துடிப்புக்கு ஒன்றாக வரும் கூர்முனை) எழுந்ததும், குறித்த நேரம் பொறுத்துத் தரவு சேர்ப்பைத் திறந்து, மூடுகிறோம். முல்லைப்பெரியாற்றுத் தண்ணீரை வயலுக்கு முறைவைத்து விடுகிற ஊரில் இதற்கு வேறு சொல் தேட வேண்டுமா? 'துடிப்புமடை' என்பேன்.

ஆனால் இன்னொரு முறையில் திறப்பும் இல்லை, மூடலும் இல்லை. தரவு ஓடிக்கொண்டே இருக்கும், ஈ.சி.ஜி.யும் கூடவே பதிவாகும். எது எந்தக் கட்டத்துக்கு உரியது என்று பிறகு பிரிப்பார்கள். ஏலக்காயை மொத்தமாகக் கொட்டிச் சல்லடையில் தரம் பிரிப்பதுதான் இது. 'துடிப்புச் சலிப்பு' என்று எழுதி நானே அடித்துவிட்டேன். முக்கால் மணி நேரம் அந்தக் குழாய்க்குள் கிடப்பவருக்குச் சலிப்பு ஏற்கெனவே போதுமான அளவு இருக்கிறது. 'துடிப்புவாரிப் பகுப்பு' என்று வைக்கலாம்.

இரண்டுக்கும் பொதுவாகத் 'துடிப்பிசைவு' போதும் என்று இன்னொருவர் எழுதியிருந்தார். காதுக்கு இனிமைதான். ஆனால் எங்கள் மேசையில் இசைவு என்றால் கையெழுத்து வாங்கும் படிவம்.

மடைக்கு இன்னொரு வசதியும் உண்டு. காந்தப் புலத்துக்குள் ஓடும் இரத்தமே ஒரு மின்னழுத்தத்தை உண்டாக்கும்; ஈ.சி.ஜி.யில் ஆர் அலைக்குப் பின்னால் வரும் டி அலை வீங்கித் தெரியும். கருவி அதை ஆர் அலை என்று எண்ணிக் கண்ட நேரத்தில் திறந்துவிடும். போன வாரம் ஒரு பெரியவருக்கு இப்படித்தான் ஆனது. மார்பு முடியை மழித்து, மின்வாய்களை இடம் மாற்றி ஒட்டிய பிறகே ஆர் அலை ஓங்கித் தெரிந்தது. இந்தக் கோளாறுக்குப் 'பொய்த்திறப்பு' என்று எழுதலாமா? 'வாயிலிடல்' என்பதிலிருந்து இப்படி ஒரு கிளைச்சொல் கிடைக்குமா என்று தாங்களே சொல்லுங்கள்.