டிபி ஊசியால் அம்மாவுக்குக் காது போனது, இப்போது சித்தப்பா மருந்தே வேண்டாம் என்கிறார்

மதுரைக்காரி:
2016இல் அம்மாவுக்கு எம்டிஆர் டிபி, அதாவது முக்கிய மருந்துகளுக்குக் கட்டுப்படாத டிபி. ஆறு மாதத்துக்கு மேல் கனமைசின் ஊசி, இடுப்பில் மாறி மாறிப் போட்டு உட்காரவே முடியாது. மூன்றாவது மாதம் "காதுக்குள்ள வண்டு சுத்துது" என்றார். ஊசி போடுபவரிடம் சொன்னதற்கு, பலவீனம்தான், போகப் போகச் சரியாகும் என்று அனுப்பிவிட்டார். அப்புறம் ஒரு நாள் குக்கர் ஏழெட்டு விசில் விட்டு, சாதம் அடிப்பிடித்து நாறுகிறது, அம்மா பக்கத்திலேயே நின்று வெங்காயம் நறுக்கிக்கொண்டிருக்கிறார். டிபி போய்விட்டது, காது திரும்பவில்லை.

இப்போது சித்தப்பாவின் சளிப் பரிசோதனையில் ரிஃபாம்பிசின் என்ற முக்கிய மருந்துக்குக் கட்டுப்படாத டிபி என்று வந்திருக்கிறது. "அண்ணி மாதிரி ஆகறதுக்கு இருமிக்கிட்டே போய்ச் சேர்றேன்" என்கிறார். அவருக்கும் அந்த ஊசிதானா? அம்மாவுக்கு இனி ஏதாவது செய்ய முடியுமா?

ஒலிமானி:
காதுப் பரிசோதனைதான் என் வேலை. அம்மாவுக்கு விசில் முதலில் போனதில் ஆச்சரியமே இல்லை. கனமைசின், அமிகாசின், பழைய ஸ்ட்ரெப்டோமைசின் எல்லாம் ஒரே குடும்பம். உள்காதில் ஒலியை வாங்கும் மயிர்ச் செல்களைக் கொல்லும், அதுவும் கீச்சென்ற ஒலிக்கான செல்களில் ஆரம்பித்து. பேச்சு கேட்கும்வரை யாருக்கும் சந்தேகம் வராது. இரைச்சல் என்று சொன்ன அன்றே ஆடியோகிராம் (எந்த ஒலி எவ்வளவு கேட்கிறது என்று காட்டும் வரைபடம்) எடுத்திருக்க வேண்டும், நியாயமாக ஊசி தொடங்கும் முன்பே ஒன்று எடுத்து மாதாமாதம் ஒப்பிட்டிருக்க வேண்டும். செத்த செல் மறுபடி முளைக்காது, அதனால் காதுச் சொட்டு மருந்து, நாட்டு எண்ணெய் என்று காசைக் கரைக்காதீர்கள். இப்போது ஒரு ஆடியோகிராம் எடுங்கள். மிச்சம் கேட்கிறது என்றால் மெஷின் உதவும், சுத்தமாகப் போயிருந்தால் காக்ளியர் இம்பிளாண்ட், அதாவது அறுவை செய்து உள்காதில் பொருத்தும் கருவி. அது நரம்பையே நேராகத் தூண்டும்.

பழையநோயாளி:
சித்தப்பாவிடம் இதைச் சொல்லுங்கள்: போன வருடம் எனக்கும் எம்டிஆர்தான், ஒரு ஊசிகூடப் போடவில்லை. எல்லாம் மாத்திரை. கனமைசினைக் கைவிடச் சொல்லி உலக சுகாதார நிறுவனம் 2018, 19 வாக்கிலேயே சொல்லிவிட்டது. எனக்குக் கொடுத்தது பெடாக்விலின், பிரிட்டோமானிட், லினிசோலிட், மாக்ஸிஃப்ளாக்சசின், ஆறு மாதம். சுகமாக இருந்தது என்று பொய் சொல்ல மாட்டேன். லினிசோலிடால் பாதம் மரத்தது, உடனே சொன்னேன், அளவைக் குறைத்தார்கள். பெடாக்விலினுக்காக அடிக்கடி ஈசிஜி. காது நன்றாகவே கேட்கிறது, மனைவி திட்டுவது உட்பட.

அரட்டைராஜா:
பெடாக்விலின் சும்மா கைக்கு எட்டவில்லை. மும்பை நந்திதா வெங்கடேசன், தென்னாப்பிரிக்காவின் ஃபுமேசா டிசிலே, இரண்டு பேருமே டிபி சிகிச்சையில் காதைப் பறிகொடுத்தவர்கள். ஜான்சன் அண்ட் ஜான்சன் அதன் காப்புரிமையை இந்தியாவில் நீட்டிக்கக் கேட்டபோது எதிர்த்து மனுப் போட்டார்கள், 2023 மார்ச்சில் கம்பெனியின் விண்ணப்பம் தள்ளுபடி.

ஒலிமானி:
ஒன்று விட்டுப்போயிற்று. சில நோயாளிகளுக்கு இன்றும் அமிகாசின் போட வேண்டி வரும். அப்படிச் சொன்னால் சண்டை போடாதீர்கள், ஆடியோகிராம் எப்போது என்று மட்டும் கேளுங்கள்.

மதுரைக்காரி:
எல்லோருக்கும் நன்றி. சித்தப்பாவுக்கு வாசித்துக் காட்டினேன். "எவனோ எழுதினதை நம்ப மாட்டேன், ஊசி இல்லைன்னு டாக்டர் தன் வாயால சொல்லட்டும்" என்று சட்டையை மாட்டிவிட்டார். அம்மாவும் கூட வருகிறார், காது டெஸ்டுக்கு.