மறு: டிபவுன்சுக்குத் தமிழ்ச்சொல் – ‘ஓயவிடல்’ என்ற பரிந்துரை

அன்புள்ள குழும நண்பர்களுக்கு வணக்கம்.

அடுத்தடுத்து வரும் நிகழ்வுகள் நிற்கும் வரை காத்திருந்து நிரலை ஒருமுறை மட்டும் இயக்கும் ‘டிபவுன்ஸ்’ என்ற முறைக்குத் தமிழில் என்ன பெயர் வைக்கலாம் என்ற கேள்விக்கு இவ்விழையில் வந்த ‘துள்ளல் நீக்கம்’, ‘தணிப்பு’, ‘தாமதித்தல்’, ‘அடங்கல்’ முதலிய பரிந்துரைகள் அனைத்தையும் படித்தேன். சென்னையில் வலைச்செயலியும் கைப்பேசிச் செயலியும் எழுதப் பழகும் கல்லூரி மாணவர்களுக்காகப் பயிற்சிக் குறிப்புகளைத் தமிழில் தொகுத்து வருவதால், இந்தச் சொல் எனக்கு உடனடியாகத் தேவைப்படுகிறது. வகுப்பில் ‘டிபவுன்ஸ் பண்ணுங்கள்’ என்று சொல்வதில் எனக்கு மறுப்பு ஒன்றும் இல்லை. நாளை வேலைக்குச் சேரும் அலுவலகத்தில் அவர்கள் கேட்கப்போவதும் அந்தச் சொல்லைத்தான். ஆனால் டிபவுன்ஸ், த்ராட்டில் ஆகிய இரண்டையும் மாணவர்கள் தொடர்ந்து மாற்றி மாற்றிப் பயன்படுத்துகிறார்கள். பெயரைக் கேட்டால் செயல் விளங்காததே அந்தக் குழப்பத்துக்குப் பெரிதும் காரணம் என்பது என் எண்ணம். ஆகவே நான் தேடுவது அழகான சொல்லை அன்று. எது நடக்கிறது என்பதைச் சொல்லிவிடும் சொல்லை.

செயலை முதலில் வரையறுத்துக்கொள்வோம். விசைத்தட்டல் போன்ற ஒரு நிகழ்வு அடுத்தடுத்து நேர்ந்துகொண்டிருக்கையில், ஒவ்வொரு முறையும் பழைய டைமரை நீக்கிப் புதிதாக ஒன்றைத் தொடங்கி, குறித்த நேரம் முழுவதும் புதிய நிகழ்வு எதுவும் வராதபோது மட்டும் செயற்கூறை (ஃபங்ஷனை) ஒருமுறை இயக்குவது டிபவுன்ஸ். எத்தனை நிகழ்வுகள் வந்தாலும் குறித்த நேரத்துக்கு ஒருமுறைக்கு மேல் இயக்காதிருப்பது த்ராட்டில். பயனர் ஒரு நிமிடம் விடாமல் தட்டிக்கொண்டே இருந்தால், முதலாவது அந்த நிமிடம் முழுவதும் ஒருமுறைகூட இயங்காது. இரண்டாவது சீரான இடைவெளியில் பலமுறை இயங்கியிருக்கும். இந்த வேறுபாட்டைக் காட்டாத எந்தச் சொல்லும் நமக்கு உதவாது.

மின்னணுவியல் ஆசிரியரான ஐயா முன்வைத்த ‘துள்ளல் நீக்கம்’ அந்தச் சொல்லின் பிறப்பிடத்துக்கு முற்றிலும் பொருந்துகிறது. இயந்திரப் பொத்தான் ஒன்றை அழுத்தும்போது உள்ளே இருக்கும் உலோகத் தகடுகள் ஒரே தொடுகையில் நிலைகொள்வதில்லை. சில மில்லி நொடிகள் தொட்டும் விலகியும் துள்ளுகின்றன. அதனால் ஒருமுறை அழுத்தியதை நுண்கட்டுப்படுத்தி (மைக்ரோகன்ட்ரோலர்) பலமுறை அழுத்தியதாக எண்ணிக்கொள்கிறது. மின்தடையும் மின்தேக்கியும் சேர்ந்த சுற்றினாலோ, நிரலில் சற்றுக் காத்திருந்தோ இதைச் சரிசெய்வார்கள். ஆர்டுயினோ என்ற நுண்கட்டுப்படுத்திப் பலகையின் எடுத்துக்காட்டு நிரல் இதற்காக 50 மில்லி நொடி காத்திருக்கிறது. அங்கே துள்ளல் என்பது வன்பொருளின் குறை, ஆகவே அதை நீக்குகிறோம் என்பது சரி. தேடல் பெட்டியில் தட்டுபவரின் விரல் துள்ளவில்லை. அவர் தட்டிய ஒவ்வொன்றும் அவர் வேண்டித் தட்டியது. ‘நீக்கம்’ என்று பெயர் வைத்தால், பயனர் தட்டியவற்றுள் சிலவற்றைக் கழித்துவிடுகிறோம் என்றே மாணவர் புரிந்துகொள்வார். ஐயாவின் சொல் மின்னணுவியல் பாடத்திலேயே இருக்கட்டும் என்று பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

‘தணிப்பு’ இரண்டுக்கும் பொருந்துவதால் இரண்டுக்கும் பயன்படாது. ‘தாமதித்தல்’ அதைவிடத் தீங்கானது, ஏனென்றால் அது தவறான நிரலையே கற்றுக்கொடுத்துவிடும். ஒவ்வொரு தட்டலையும் 300 மில்லி நொடி தாமதித்தால் வழங்கிக்கு (சர்வருக்கு) அனுப்பும் பத்துக் கோரிக்கைகளும் 300 மில்லி நொடி பிந்திச் செல்லுமே அல்லாமல், ஒன்றுகூடக் குறையாது. பழைய டைமரை நீக்க மறந்து புதியதை மட்டும் தொடங்கிவிடும் மாணவர்கள் எழுதுவது சரியாக அதைத்தான். ‘அடங்கல்’ பொருளளவில் மிக நெருங்கி வருகிறது, எனக்கும் பிடித்திருந்தது. ஆனால் கிராம நிர்வாக அலுவலர் வைத்திருக்கும் பயிர்க் கணக்குக்கு அடங்கல் என்று பெயர். நில ஆவணச் செயலி எழுதும் ஒருவர் ‘அடங்கலை அடங்கல் செய்க’ என்று குறிப்பு எழுத நேரும். ‘செயலி’ என்ற ஒரே சொல் பிராசசருக்கும் ஆப்புக்கும் வழங்கிப் பாடநூலில் படுத்தும் பாடு ஒன்றே போதும்.

இனி, தமிழ் எழுதும் பயனரை வைத்து இதைப் பார்க்க வேண்டும் என்பதே என் முதன்மையான வாதம். ஆங்கிலத்தில் ஒருவர் ஒரு சொல்லைத் தட்டும்போது, ஒவ்வொரு தட்டலுக்குப் பின்னும் திரையில் இருப்பது முழுச்சொல்லின் முற்பகுதியாகவே இருக்கும். அது குறைவானதே தவிரத் தவறானதன்று. ஆங்கில விசைகளைக் கொண்டு ஒலிப்படி எழுதும் ஒலிபெயர்ப்பு முறையில் தமிழைத் தட்டுபவருக்கு அப்படி இல்லை. பேருந்து நிறுத்தம் தேடும் ஒரு பயிற்சிச் செயலியில் ‘தேனாம்பேட்டை’ என்று தட்டுவதாகக் கொள்வோம். அஞ்சல் என்ற ஒலிபெயர்ப்பு விசைமுறையில் டி என்ற ஆங்கில விசை முதலில் ‘ட்’ என்று தோன்றும். எச் சேர்ந்ததும் அது ‘த்’ ஆகும். ஈ விசையை ஒருமுறை தட்டினால் ‘தெ’, இன்னொரு முறை தட்டினால்தான் ‘தே’. நெடிலை இருமுறை தட்டி எழுதுபவருக்கு இச்சொல் முழுமைக்கும் 15 தட்டல்கள் ஆகின்றன. ஒவ்வொரு தட்டலுக்கும் வழங்கிக்குக் கோரிக்கை அனுப்பும் செயலி, முதலில் ‘ட்’ என்பதற்கு எதுவும் கிடைக்கவில்லை என்று சொல்லும். பிறகு ‘தெ’ என்பதற்குத் தெற்கு உஸ்மான் சாலையைக் காட்டும். அதன் பின்னரே தேனாம்பேட்டைப் பக்கம் திரும்பும். இடையில் தோன்றிய ‘ட்’, ‘தெ’ ஆகியவை தேனாம்பேட்டையின் முற்பகுதிகளே அல்ல. அவை எழுத்து உருவாகிக்கொண்டிருக்கும்போது தோன்றி மறையும் வடிவங்கள்.

எனவே தமிழ்ப் பயனருக்கு டிபவுன்ஸ் என்பது வழங்கியின் சுமையைக் குறைக்கும் சிக்கன ஏற்பாடு மட்டுமன்று. எழுத்து உருவாகி முடியும் வரை பொறுத்திருக்கும் ஏற்பாடும் அதுவே. நாம் ஆக்கும் சொல்லிலும் அந்தப் பொறுத்தல் இருக்க வேண்டும். இதைக் கருத்தில் கொண்டு நான் முன்வைப்பது ‘ஓயவிடல்’.

மழையை ஓயவிட்டுக் கிளம்பு என்று நாம் வீட்டில் சொல்வோமே, அதே வினைதான். நிகழ்வுகளைத் தடுக்கவில்லை, நீக்கவில்லை, தள்ளிப்போடவும் இல்லை; அவை தாமாக ஓயும் வரை விட்டு, ஓய்ந்ததும் ஒருமுறை செயல்படுகிறோம். ‘தட்டச்சை ஓயவிட்டுக் கோரிக்கையை அனுப்புக’, ‘இச்செயற்கூறு ஓயவிட்டு இயங்கும்’, ‘இங்கே ஓயவிடத் தேவையில்லை’ என்றெல்லாம் பெயராகவும் வினையாகவும் தடையின்றிப் புழங்குகிறது. கலைச்சொல் ஒன்று வினையாக வளைந்துகொடுக்காவிட்டால், அகராதியில் தங்குமே தவிர வகுப்பில் தங்காது. காத்திருக்கும் கால அளவுக்கு ‘ஓய்வு நேரம்’ என்று மட்டும் யாரும் எழுதிவிட வேண்டாம். ‘காத்திருப்பு நேரம்’ போதும்.

இதற்கு இணையாகத் த்ராட்டிலுக்கு ‘இடைவிடல்’ என்று வைத்துக்கொள்ளலாம். ‘இடைவிடாமல் பேசினார்’ என்பது எல்லோருக்கும் தெரிந்த வழக்கு. அதன் எதிர்மறையை எடுத்துவிட்டால் நமக்கு வேண்டியது கிடைக்கிறது. ‘மட்டுறுத்தல்’ என்று எழுதிய நண்பருக்கு ஒரு சொல்: அது இணையத் தமிழில் ஏற்கெனவே குழுமங்களின் மட்டுறுத்துநர் செய்யும் வேலையைக் குறித்து வேரூன்றிவிட்டது. ஓயவிட்டு, இடைவிட்டு என்று இரண்டையும் அடுத்தடுத்துச் சொல்லிப் பார்த்தால், ஒன்று நிற்கும் வரை பொறுப்பது, மற்றொன்று நடுநடுவே நிறுத்தி நடத்துவது என்பது விளக்கமில்லாமலே தெரிகிறது.

மூலச்சொல்லிலிருந்து விலகிப்போகிறோமே என்று தயங்குபவர்கள், மூலமொழியிலேயே இவ்விரு பெயர்களும் எவ்வளவு கலங்கிக் கிடக்கின்றன என்பதைப் பார்க்க வேண்டும். மைக்ரோசாஃப்ட்டின் டாட்நெட் தளத்தில் நிகழ்வுகளைக் கையாளும் ஆர்எக்ஸ் என்ற நிரல் நூலகத்தில் ‘த்ராட்டில்’ என்ற பெயருடைய செயலுறுப்பு உண்மையில் செய்வது டிபவுன்ஸ். அதன் ஜாவா வடிவமான ஆர்எக்ஸ்ஜாவாவில் டிபவுன்சுக்கே ‘த்ராட்டில் வித் டைம்அவுட்’ என்றொரு மாற்றுப்பெயர் இருக்கிறது. கோட்லின் மொழியின் ஃப்ளோவில் டிபவுன்சோடு இருப்பது த்ராட்டில் அன்று, ‘சாம்பிள்’. லோடாஷ் என்ற ஜாவாஸ்கிரிப்ட் நூலகத்தின் த்ராட்டிலோ, உள்ளே டிபவுன்சை அழைத்து அதற்கு ஓர் உச்ச வரம்பை வைத்து இயங்குகிறது. இவற்றுள் எதை மூலம் என்று கொண்டு சொல்லுக்குச் சொல் பெயர்ப்பது?

பயிற்சிக் குறிப்பில் இச்சொற்கள் எப்படி வரும் என்று ஓர் அம்மையார் கேட்டிருந்தார். நான் எழுதியிருப்பதன் சாரத்தைத் தருகிறேன். தேடல் பெட்டியில் ஓயவிடுக. 300 மில்லி நொடியில் தொடங்கிப் பயனர்களைக் கவனித்து ஏற்றி இறக்குக. ஒலிபெயர்ப்பில் எழுதப் புதிதாகப் பழகுபவர் தட்டலுக்குத் தட்டல் திரையைப் பார்த்துச் சரிபார்ப்பதால், அவருக்கு 400 கூட மிகையன்று. ஓயவிட வேண்டியது கோரிக்கையை மட்டுமே. தட்டிய எழுத்து திரையில் உடனே தோன்ற வேண்டும். திரையை உருட்டும் நிகழ்வுக்கு ஓயவிடல் பொருந்தாது, இடைவிடலே வேண்டும். உருட்டும் நிகழ்வில் கனமான வேலையை நேரடியாக மாட்டிவைப்பதன் கேட்டை, ஜேக்வெரி நூலகத்தை உருவாக்கிய ஜான் ரெசிக் 2011 சனவரியில் ட்விட்டர் தளத்தின் தடுமாற்றத்தை வைத்து விளக்கினார். அவர் அன்று காட்டிய வழியும் நேர இடைவெளி விட்டுச் சரிபார்ப்பதே. பணம் செலுத்தும் பொத்தானுக்கு இரண்டுமே வேண்டாம்: முதல் தட்டலிலேயே பொத்தானை முடக்கிவிட்டு, இரட்டைக் கோரிக்கை வந்தாலும் ஒருமுறையே பணம் எடுக்கப்படுமாறு வழங்கியில் எழுதுக.

இன்னொரு குழப்பத்தையும் குறிப்பில் சற்று விரித்திருக்கிறேன். ஓயவிட்டுவிட்டால் விடைகள் வரிசைப்படி வந்துசேரும் என்று பலர் நம்பிவிடுகிறார்கள். வலையமைப்பு மெதுவாக இருக்கும் இடத்தில், முதலில் அனுப்பிய கோரிக்கையின் விடை பிந்தி வந்து புதிய விடையை மூடிவிடக்கூடும். எனவே புதியதை அனுப்புமுன் பழையதை நீக்க வேண்டும். உலாவியில் அபார்ட்கன்ட்ரோலர் அதற்கென்றே இருக்கிறது. ரியாக்ட் என்ற இடைமுக நூலகத்தில் எழுதுபவர்கள், ஓயவிடும் செயற்கூறைத் திரை வரையப்படும் ஒவ்வொரு முறையும் புதிதாக உருவாக்கிவிட்டால் ஒவ்வொன்றும் தனித்தனி டைமரை வைத்துக்கொண்டு, எல்லாமே இயங்கித் தீரும் என்பதையும் நினைவில் வைக்க வேண்டும்.

உள்ளீட்டு நிகழ்வைப் பற்றி அடுத்த கேள்வி வருவது இயல்பு: எழுத்து உருவாகி முடிந்தது என்பதை உலாவியே ‘காம்போசிஷன் எண்ட்’ நிகழ்வால் சொல்கிறதே, அதற்காகக் காத்திருந்தால் போதாதா? போதாது. ஆண்ட்ராய்டு விசைப்பலகைகள் பல, எழுத்தை மட்டுமன்றி எழுதிக்கொண்டிருக்கும் சொல் முழுவதையுமே உருவாகிக்கொண்டிருப்பதாக வைத்திருக்கும்; இடைவெளி விசையைத் தட்டும் வரை அந்த நிகழ்வு வராமலே போகலாம். வியூ என்ற இடைமுக நூலகத்தில், உள்ளீட்டுப் பெட்டியை நிரலின் மதிப்போடு இணைக்கும் வி-மாடலை மட்டும் நம்பியவர்களுக்கு இது தெரிந்திருக்கும். உள்ளீட்டு நிகழ்வைக் கேட்டு ஓயவிடுவதே எல்லா விசைப்பலகைக்கும் ஒத்துவரும் வழி.

ஓயவிட்ட பின்னரும் கையில் இருப்பது புள்ளியில் முடியும் சொல்லாக இருக்கலாம். ‘சென்’ என்று தட்டி நிறுத்தியவர் சென்னையையும் தேடியிருக்கலாம், செனாய் நகரையும் தேடியிருக்கலாம். யூனிகோடில் புள்ளி தனிக் குறியெண் என்பதால், கடைசிப் புள்ளியை மட்டும் நீக்கிவிட்டு முற்பகுதித் தேடலைச் செய்தால் இரண்டும் கிடைக்கும். ‘கொ’ என்பது ஒரே துணைக்குறியாகவும் வரலாம், கொம்பும் காலுமாக இரண்டாகவும் வரலாம். இரண்டும் கண்ணுக்கு ஒன்றே, ஒப்பிடும் நிரலுக்கு வேறு. ஆகவே என்.எஃப்.சி. என்ற யூனிகோடின் ஒருமைப்படுத்திய வடிவத்துக்கு மாற்றிய பின்னரே அனுப்ப வேண்டும். குறைந்தது மூன்று எழுத்து இருந்தால்தான் தேடுவோம் என்ற வழக்கமான கட்டுப்பாட்டைத் தமிழுக்கு அப்படியே கொண்டுவருவது பெருந்தவறு: ஜாவாஸ்கிரிப்ட்டின் லெங்த் (நீளம்) கணக்கில் புள்ளியும் துணைக்குறியும் தனித்தனியே எண்ணப்படுவதால் ‘சென்’ நான்கு, ‘தீ’ இரண்டு. பூ, தீ, ஈ என ஓரெழுத்தே முழுச்சொல்லாகும் மொழியில் அந்தக் கட்டுப்பாடே தேவையா என்பது வேறு.

தீராமல் இருப்பவை சில சிறு சொற்களே. ஓயும் வரை பொறுக்காமல் முதல் நிகழ்விலேயே இயங்கிவிட்டுப் பிறகு ஓயும் வரை வாளாவிருக்கும் வகையை ‘முன்விளிம்பு’ என்று மின்னணுவியல் வழியில் ஒருவர் எழுதியிருந்தார். மாணவருக்கு விளிம்பு எதுவும் கண்ணில் படாது என்பதால் ‘முன்னியக்கம்’, ‘பின்னியக்கம்’ என்று பிரித்துச் சொல்லலாம் என்று நினைக்கிறேன். கட்டுரை எழுதும் செயலியில் வரைவைத் தானாகச் சேமிக்கும்போது, பயனர் ஓயாமல் தட்டிக்கொண்டே இருந்தால் எதுவும் சேமிக்கப்படாது. அதற்கு வைக்கும் உச்ச எல்லையைக் ‘காத்திருப்பு வரம்பு’ என்று எழுதியிருக்கிறேன். இவற்றைவிட நல்லவை இருந்தால் மாற்றிக்கொள்கிறேன்.

‘ஓயவிடல்’ ஈழத்து வழக்கில் வேறு ஏதேனும் பொருளைத் தருமா என்பதை யாழ்ப்பாண நண்பர்கள் தெரிவித்தால் நன்றாக இருக்கும். குறிப்புகள் அச்சுக்குப் போகுமுன் மறுப்புகளையும் இதே இழையில் எழுதுங்கள்; தனிமடலில் வேண்டாம், பின்னால் தேடுபவர்களுக்கும் காரணங்கள் கிடைக்க வேண்டும்.

அன்புடன்,
சென்னையிலிருந்து