விழித்திரை அடிக் குருதியோட்டம்: ஒரு சொல் வேண்டும்

மொழிபெயர்ப்பாளர்:

நண்பர்களுக்கு வணக்கம். கண் நோயாளிகளுக்கான கையேடு ஒன்றை வெள்ளிக்கிழமைக்குள் தமிழாக்கித் தர ஒப்புக்கொண்டிருக்கிறேன். விழித்திரைக்கு அடியில், புரூக் சவ்வு என்னும் மெல்லிய தடுப்பை ஒட்டி விரிந்திருக்கும் 'கோரியோகேப்பிலாரிஸ்' என்னும் நுண்நாள அடுக்குக்குச் சொல் அமையவில்லை. கண்ணுக்கு வரும் இரத்தத்தில் ஏறத்தாழ 85 விழுக்காடு, இவ்வடுக்கை உள்ளடக்கிய 'கோராய்டு' என்னும் நாளப் படுகை வழியாகவே ஓடுகிறது. ஒளியுணர் செல்களுக்கென விழித்திரையில் தனி நாளங்கள் இல்லாமையால் அவை இவ்வடுக்கை நம்பியே வாழ்கின்றன. வயது ஏற ஏறக் கோராய்டு மெலிவதையும், இங்கே ஓட்டம் திட்டுத் திட்டாகக் குன்றுவதையும் கையேடு விளக்குகிறது. 'கோராய்டு தந்துகிப் படலம்' என்று எழுதிப் பார்த்தேன், மனம் ஒப்பவில்லை.

தமிழாசிரியர்:

ஒப்பாததில் வியப்பில்லை. இழையைக் குறிக்கும் 'தந்து' வடசொல். 'படலம்' என்பதும் அவ்வாறே. 'இரத்தம்' முன்னால் ஓர் இகரத்தைச் சேர்த்துக்கொண்டு நம் வீட்டுக்குள் வந்த சொல். குறுந்தொகையின் முதற்பாட்டே 'குருதிப் பூவின் குலைக்காந்தட்டே' என்று முடிகிறது. 'குருவும் கெழுவும் நிறனா கும்மே', அதாவது குரு, கெழு என்னும் சொற்கள் நிறத்தைக் குறிக்கும் என்பது தொல்காப்பிய உரியியல். செந்நிறத்தால் பெயர் பெற்றதே குருதி என்பது என் துணிபு. ஆகவே 'குருதி நுண்புழைத் தகடு' என்று முன்மொழிகிறேன்.

கண் மருத்துவர்:

ஐயா, வேரைவிட எனக்குக் கவலை தருவது நோயாளியின் செவி. 'கண்ணில் படலம்' என்று கேட்ட மாத்திரத்தில், உரித்தெடுக்க வேண்டிய ஏதோ வளர்ந்துவிட்டதென்று முதியவர்கள் அஞ்சுகிறார்கள். எனவே வடசொல்லோ தமிழ்ச்சொல்லோ, படலம் வேண்டாம். தந்துகியும் பொருந்தவில்லை, ஏனெனில் இங்குள்ள நாளங்கள் இழைபோல் மெலிந்தவை அல்ல. அகன்று தட்டையாகி, ஒரே தளத்தில் ஒன்றோடொன்று பின்னிக் கிடப்பவை. ஒளியைக் கொண்டு கண்ணின் குருதியோட்டத்தைக் காட்டும் ஓசிடி ஆஞ்சியோகிராபிப் படத்தில் அது நெருக்கமான வலையாகவே தெரிகிறது. ஆதலால் 'குருதிவலை' என்போம். வலையின் துளையை மீனவர்கள் 'கண்' என்கிறார்கள். முதுமையில் இந்த வலைக்கண்கள் அகல்கின்றன. நீரிழிவில் விழித்திரைச் சிதைவு வெளிப்படும் முன்னரே அகலக்கூடும். விழித்திரையின் நடுப்பகுதி முதுமையில் பழுதுறும் மூப்புசார் மாக்குலாச் சிதைவில், விழித்திரைக்கு அடியில் சேரும் டுரூசன் என்னும் கொழுப்புப் படிவுகளின் அடியில் இன்னும் மோசமாகின்றன. 'வலைக்கண் அகற்சி' என்று எழுதினால் நோயின் போக்கே சொல்லில் வந்துவிடும்.

படிமப் பொறியாளர்:

வலையை ஏற்கிறேன்; அகற்சியை ஏற்க இயலவில்லை. கருவி பார்ப்பது நாளத்தை அன்று, ஓடும் குருதி அணுக்களின் அசைவை. குறிப்பிட்ட வேகத்துக்குக் கீழே ஓடினால் உயிருள்ள நாளமும் கருப்பாகவே பதியும். மேலே உள்ள டுரூசனின் நிழலும் அப்படியே பதியும். கருப்புப் புள்ளியைத் துளை என்று பெயரிட்டால் நாளம் அழிந்தேவிட்டது என்று நாம் தீர்ப்பு எழுதியவர்கள் ஆவோம். 'ஓட்டக்குறை' என்பதே கண்டதை மட்டும் சொல்கிறது. மேலும், கண் நோய்க் கையேட்டில் 'கண் அகல்கிறது' என்று படிப்பவர் விழியை அகலத் திறப்பதாகவே எண்ணுவார்.

கண் மருத்துவர்:

வலைக்கண்ணைக் கைவிடுகிறேன். ஆயினும் வலைக்கு முன்னால் 'இரத்தம்' நிற்கட்டும். ஆய்வகச் சீட்டில் 'இரத்தப் பரிசோதனை' என்று படித்து வருபவரிடம் குருதி என்றால் ஒரு கணம் தயங்குகிறார்.

யாழ்ப்பாணத்து ஆசிரியை:

அந்தத் தயக்கம் எல்லா ஊருக்கும் பொதுவன்று. எங்கள் மாணவர் குருதிச் சுற்றோட்டம், குருதியமுக்கம் என்று படித்தே வளர்கிறார்கள். அவர்களுக்கு அது செய்யுட்சொல் இல்லை.

மொழிபெயர்ப்பாளர்:

நாளை அனுப்பியாக வேண்டும். உங்கள் கருத்துகளைச் சேர்த்துப் பார்த்து 'குருதிவலை', 'ஓட்டக்குறை' என்று எழுதுகிறேன். அச்சொல் முதன்முதலில் வரும் இடத்தில் மட்டும் கோரியோகேப்பிலாரிஸ் என்னும் பெயரும், குருதி என்பது இரத்தமே என்னும் ஒரு வரியும் இருக்கும்.

தமிழாசிரியர்:

விளக்க வரியில் இரத்தம் இருப்பதை ஏற்கிறேன். ஆனால் வலை பிடிப்பதற்கு உரியது, இவ்வடுக்கோ ஊட்டுவது. 'தகடு' என்னும் என் கருத்தை நான் மாற்றிக்கொள்ளவில்லை என்பது இவ்வுரையாடலில் பதிவாகட்டும்.