பாரை மீன் ஸ்கான்கள்: லேபிள் இல்லாமல் புள்ளிக்குப் புள்ளி பொருத்த எந்த லொஸ்?

நிலாவெளியான்:
திருகோணமலையில் கரைக்கு வரும் பாரைகளை ஃபோனால் ஸ்கான் பண்ணி, ஒவ்வொன்றையும் 2048 புள்ளிகளாகக் குறைத்திருக்கிறோம். ஒரு மீனில் முதுகுச்செட்டை தொடங்கும் இடம் மற்றதில் எங்கே என்று தானாகப் பிடிபட வேண்டும், உடலளவை ஒப்பிடத்தான். சரியான பொருத்தத்தைக் குறித்த லேபிள் இல்லை. டிஜிசிஎன்என் வலையமைப்பு ஒவ்வொரு புள்ளிக்கும் தரும் எண்தொடர் (எம்பெடிங்), அவற்றின் கொசைன் ஒப்புமை, அதை எடைகளாக்கும் சொஃப்ட்மேக்ஸ், பிறகு லொஸாக (பயிற்சியில் குறைக்கும் பிழையளவு) இருவழிச் சாம்ஃபர் மட்டும், அதாவது ஒவ்வொரு புள்ளிக்கும் மற்ற மேகத்தில் மிக அருகிலுள்ள புள்ளிவரையான தூரம். லொஸ் நன்றாக இறங்குகிறது. ஆனால் நிறம் பூசிப் பார்த்தால் வால் முழுக்க நாலைந்து புள்ளிகளில் குவிகிறது, இடப்பக்கமும் வலப்பக்கமும் கலக்கின்றன. எர்த் மூவர் தூரத்துக்கு (ஒரு மேகத்தை மற்றதாக நகர்த்த ஆகும் குறைந்த செலவு) மாறலாமா?

உப்புவெளி:
அவசரப்பட்டு மாறாதீர்கள். இலக்கு மீனின் புள்ளிகளைச் சராசரியாக்கிக் கட்டியெழுப்பிய புள்ளிமேகமும் இலக்கும் ஒன்றையொன்று மூடுகின்றனவா என்பதைத்தான் சாம்ஃபர் பார்க்கிறது. எந்தப் புள்ளி எங்கே போனது என்பது அதற்குத் தெரியாது. புள்ளிகளின் வரிசையைக் குலைத்தாலும் அதே எண்தான் வரும். சொஃப்ட்மேக்ஸ் சராசரி இடைவெளிகளை நிரப்பிவிடுவதால், உச்சப் பொருத்தம் குவிந்து கிடந்தாலும் லொஸ் இறங்கும்.

முதலில் சுயகட்டமைப்பு லொஸ் ஒன்று சேருங்கள்: ஒவ்வொரு புள்ளியையும் அதே மீனில், எம்பெடிங் வெளியில் அதற்கு நெருங்கிய 10 அயல்களைக் கொண்டு மீளக்கட்டுவது. அந்தப் புள்ளியையே அயலாக எடுக்கக்கூடாது, எடுத்தால் லொஸ் பயனில்லாமல் சுழியாகிவிடும். அடுத்தது மென்மை லொஸ்: மூலத்தில் அயலானவை இலக்கிலும் அயலாக விழவேண்டும். குறுக்குக்கட்டமைப்பு (இப்போதுள்ள சாம்ஃபர்) 1, சுயம் 10, மென்மை 1 என்ற எடைகளில் தொடங்கலாம். மேகங்களை அலகுக் கோளத்துக்குள் அடக்கினால்தான் இந்த எடைகளுக்குப் பொருள் உண்டு. சுருக்கிய விகிதத்தைத் தனியே சேமியுங்கள், இல்லாவிட்டால் உண்மையான உடலளவு போய்விடும்.

மூதூர்த்தம்பி:
உப்புவெளி அண்ணை சொன்ன மென்மை லொஸ் பாரையில் அப்படியே போட்டால் கெடும். பாரை தட்டையான மீன். வால்செட்டையில் இரு பக்கங்களுக்கும் நடுவிலுள்ள தூரம் புள்ளி இடைவெளியைவிடக் குறைவு, அதனால் நேர்கோட்டுத் தூர அயல்கள் மறுபக்கத்துக்குத் தாவும். உங்கட கலப்பில் பாதி இதனால்தான் என்று நினைக்கிறேன். நோர்மல்களை (மேற்பரப்புக்குச் செங்குத்தான திசைகளை) வெளிநோக்கித் திருப்பி, அவற்றின் புள்ளிப்பெருக்கம் எதிர்மமாக வரும், அதாவது எதிர்ப்பக்கம் பார்க்கும், அயல்களை வெட்டிவிடுங்கள்.

மற்றப் பாதி சமச்சீர். இடவலம் மாறிய கண்ணாடிப் பொருத்தத்துக்கும் சரியான பொருத்தத்துக்கும் தூரத்தை மட்டும் பார்க்கும் லொஸ் ஏறக்குறைய ஒரே மதிப்பைத்தான் தரும். மேற்பரப்பு வழியே அளக்கும் ஜியோடெசிக் தூரம் போட்டாலும் அதே கதிதான். அப்படிப்பட்ட எந்த லொஸாலும் தீராது, உள்ளீட்டில்தான் தீர்க்கவேண்டும். தலை, முதுகுத் திசைகளை எல்லா ஸ்கான்களிலும் ஒன்றாக நிறுத்தி, சுழற்சி ஓக்மென்டேஷனை (பயிற்சிக்காக ஸ்கானைத் திருப்பிக் கொடுப்பதை) ±15 பாகைக்குள் வையுங்கள். பிரதிபலிப்பு ஓக்மென்டேஷன் வேண்டவே வேண்டாம்.

எர்த் மூவர் ஒன்றுக்கு ஒன்று கட்டாயப்படுத்தும். மேசையில் கிடத்தி எடுத்த ஸ்கானில் அடிப்பக்கம் இல்லை. அதற்குரிய புள்ளிகளையும் எங்காவது தள்ளவேண்டி வரும். பிரட்டிப் போட்டு இரு பக்கமும் எடுத்த மீன்களுக்கு மட்டும் எர்த் மூவரின் மென்மையான தோராயமான சிங்க்ஹோர்ன் போடுங்கள், லொக் (மடக்கை) வடிவில். மென்மையின் அளவான எப்சிலன் பெரிதென்றால் எல்லாம் நடுவுக்கு மங்கும், சிறிதென்றால் சுற்றுகள் கூடும், 0.05இல் தொடங்கிப் படிப்படியாகக் குறைப்பது நல்லது.

நிலாவெளியான்:
லேபிள் இல்லாமல் எந்தச் செக்பொயிண்ட் (பயிற்சியின் இடையில் சேமித்த மாதிரி) நல்லதென்று எப்படி முடிவெடுப்பது?

உப்புவெளி:
சாம்ஃபரைப் பார்த்துத் தெரிவுசெய்யாதீர்கள். 30 மீன்களில் மூக்குநுனி, கண், முதுகுச்செட்டைத் தொடக்கம், மார்புச்செட்டை அடி, வால்கவை ஐந்தையும் கையால் குறியுங்கள். பிழையை மூக்கிலிருந்து வால்கவை வரையான நீளத்தால் வகுங்கள். கூடவே, இலக்குப் புள்ளிகளில் எத்தனை வீதம் ஒருமுறையாவது தெரிவாகிறது என்றும் எண்ணுங்கள். வாலடியிலுள்ள முள்ளோட்டு (கூரான தடித்த செதில்) வரிசையைக் குறியாக எடுக்கவேண்டாம், 2048 புள்ளிகளில் அது அழிந்துபோகும்.