டேப்பிலிருந்து மெமரி கார்டுக்கு மாறியபின் 23 நிமிடத்துக்கு ஒருமுறை ஒலி அறுகிறது

கேள்வி:
வணக்கம். 60 நிமிட மினிடிவி (டிஜிட்டல் வீடியோ) டேப்பை விட்டு, எஸ்டி கார்டில் ஏவிசிஎச்டி என்ற எச்டி வீடியோ முறையில் பதியும் கேமராவுக்கு மாறியிருக்கிறேன். தரம் 24 எம்பிபிஎஸ் (நொடிக்கு 24 மெகாபிட்). கார்டு 32 ஜிபி, கிளாஸ் 10 (எழுதும் வேகத்தைக் குறிக்கும் எண்). நிறுத்தாமல் எடுத்த 2 மணி நேர நிகழ்ச்சி கணினியில் பல எம்டிஎஸ் வீடியோ கோப்புகளாக வருகிறது. வரிசையாக வைத்து ஓட்டினால் சுமார் 23 நிமிடத்துக்கு ஒருமுறை, கோப்புகள் சேரும் இடத்தில் ஒலி அறுகிறது. சில சமயம் 'கார்டு வேகம் போதாது' என்று பதிவே நின்றுவிடுகிறது. இன்னொன்று, டேப்பைப் போல கார்டையே பத்திரப்படுத்தி வைக்கலாமா?

பதில் 1:
ஒலி அறுவதற்குக் காரணம் நீங்கள் கார்டில் வீடியோ கோப்புகள் இருக்கும் ஸ்ட்ரீம் ஃபோல்டரிலிருந்து எம்டிஎஸ்ஸை மட்டும் உருவி எடுப்பதுதான். 32 ஜிபி கார்டு ஃபேட்32 என்ற கோப்பு முறையில் இருக்கும். அதில் ஒரு கோப்பு 4 ஜிபியைத் தாண்ட முடியாது. 24 எம்பிபிஎஸ்ஸில் அது ஏறக்குறைய 23 நிமிடம். கேமரா அளவைப் பார்த்து வெட்டுகிறதே தவிர, ஃபிரேம் முடிந்ததா என்று பார்ப்பதில்லை. கடைசி ஃபிரேமின், ஒலியின் மிச்சம் அடுத்த கோப்பின் தொடக்கத்தில் கிடக்கும். எது எதனோடு சேரும் என்ற விவரம் கிளிப்இன்ஃப், பிளேலிஸ்ட் ஃபோல்டர்களில் இருக்கிறது. ஆகவே கார்டில் உள்ள பிரைவேட் ஃபோல்டரை முழுசாக நகலெடுத்து, கேமராவோடு வந்த மென்பொருளில் இறக்குமதி செய்யுங்கள். ஏற்கெனவே உருவிய கோப்புகளா? விண்டோஸில் கட்டளைகளைத் தட்டச்சு செய்யும் கமாண்ட் பிராம்ப்டில் காப்பி கட்டளையுடன் 'ஸ்லாஷ் பி' (/b) சேர்த்து, எண் வரிசை மாறாமல் ஒட்டினால் பெரும்பாலும் சரியாகிவிடும். ஒட்டிய கோப்பு 4 ஜிபியைத் தாண்டும் என்பதால் அதை அந்த வரம்பு இல்லாத என்டிஎஃப்எஸ் முறை டிஸ்கில் வையுங்கள்.

பதில் 2:
வேகத்தைப் பொறுத்தவரை, 24 எம்பிபிஎஸ் என்பது நொடிக்கு 3 மெகாபைட். கிளாஸ் 4 கார்டே நொடிக்கு 4 மெகாபைட் எழுத வேண்டும். கிளாஸ் 10 திணறுகிறது என்றால் முதலில் போலி கார்டா என்று பாருங்கள். 8 ஜிபி சிப்பை வைத்து 32 என்று காட்டும்படி செய்திருப்பார்கள். 8 நிரம்பியதும் எழுதுவது பழைய பதிவின் மேலேயே விழும், அல்லது எங்கும் பதியாது. ஓட்டிப் பார்க்கும்வரை தெரியாது என்பதுதான் கொடுமை. எச்2டெஸ்ட்டபிள்யூ என்ற இலவச மென்பொருள் கார்டு முழுக்க எழுதி, திரும்பப் படித்துச் சரிபார்க்கும். காலியான கார்டில்தான் செய்ய வேண்டும். பதிவுகளை முதலில் எடுத்துவிடுங்கள். கார்டின் அளவை விண்டோஸ் 29.8 ஜிபி போலக் காட்டினால் பயப்பட வேண்டாம், அது கணக்கிடும் முறை.

நல்ல கார்டாக இருந்தால், கிளிப்களை ஒவ்வொன்றாக அழித்து அழித்து இடம் சிதறியிருக்கலாம். கேமராவிலேயே ஃபார்மட் செய்யுங்கள், கணினியில் வேண்டாம்.

பதில் 3:
கார்டைப் பத்திரப்படுத்தும் யோசனையை விட்டுவிடுங்கள். டேப்பில் ஓரிடம் கசங்கினால் அந்த இடம்தான் போகும். கார்டில் கன்ட்ரோலர் (அதை இயக்கும் சிப்) செத்தால் மொத்தமும் போச்சு. சும்மா வைத்திருந்தாலும் பதிவைத் தாங்கும் நினைவகச் செல்களில் உள்ள மின்னூட்டம் வருடக்கணக்கில் மெல்லக் கசியும். இரண்டு தனித்தனி ஹார்ட் டிஸ்கில் நகலெடுத்து, இரண்டிலும் ஓட்டிப் பார்த்தபிறகே ஃபார்மட்.

பழைய டேப்புகளையும் இப்போதே கணினியில் ஏற்றிவிடுங்கள். மணிக்கு சுமார் 13 ஜிபி ஆகும், 60 நிமிட டேப்புக்கு 60 நிமிடம் பிடிக்கும். ஃபயர்வயர் கேபிள் வழியாகவே எடுங்கள். பல மினிடிவி கேமராக்களில் யுஎஸ்பி புகைப்படத்துக்கு மட்டும்தான். எல்பி (லாங் ப்ளே) என்ற மெதுவான டேப் வேகத்தில் பதிந்தவை வேறு கேமராவில் கட்டம் கட்டமாக உடையும்; பதிந்த அதே கேமராவில் ஓட்டுங்கள்.