ஆயிலுக்குள்ள சுத்துற பெல்ட், தற்காலிக ரிப்பேர்: நம்பி ஓட்டலாமா?

எல்லாருக்கும் வணக்கம். கார் வாங்கி மூணு வருஷம் முடியப்போகுது, 41,000 கிலோமீட்டர் ஓடியிருக்கு. டர்போ பெட்ரோல், டைமிங் பெல்ட் (இன்ஜின் வால்வுகளைச் சரியான நேரத்துல திறந்து மூட வைக்கிற பெல்ட்) இன்ஜின் ஆயிலுக்குள்ளேயே சுத்துற வகை. போன மாசம் சேலம் பைபாஸ்ல ஆயில் பிரஷர் லைட் எரிஞ்சது. உடனே ஓரங்கட்டிட்டு, டோ பண்ணித்தான் சர்வீஸ் சென்டர் கொண்டுபோனோம்.

பெல்ட்டோட ரப்பர் உதிர்ந்து, ஆயில் பம்ப் உறிஞ்சுற இடத்துல இருக்கிற வலையை அடைச்சிருக்காம். அதைக் கழுவி, ஆயிலும் ஃபில்டரும் மாத்தி, "இப்போதைக்கு ஓட்டுங்க சார், கம்பெனியிலிருந்து புது பெல்ட் வந்ததும் கூப்பிடுறோம்"னு அனுப்பிட்டாங்க. உதிர்ற பெல்ட் உள்ளேயேதான் இருக்கு! மறுபடி அடைச்சா ஆயில் போய்ச் சேராம டர்போவும் இன்ஜின் பேரிங்கும் போயிடுமே. வாரன்டி முடிய ரெண்டே மாசம். அதுவரைக்கும் இழுக்கிறாங்களோன்னு தோணுது (எனக்கு எல்லாத்துலயும் சந்தேகம்னு வீட்டுல பேச்சு).

ஜாப் கார்டுல (செஞ்ச வேலையை எழுதித்தர்ற சீட்டு) "ஆயில் சர்வீஸ்"னு மட்டும்தான் எழுதியிருக்காங்க, பெல்ட் பத்தி ஒரு வார்த்தை இல்லை. அதைத் திருத்தி எழுதித்தரச் சொல்லி வாங்கினவங்க யாராவது இருக்கீங்களா? பெல்ட் எவ்வளவு கெட்டிருக்குன்னு தெரிய, அதோட அகலத்தை அளந்து காட்டச் சொல்லலாமா? தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ல புகார் கொடுத்தா கம்பெனி அசையுதா? அடுத்த வாரம் குடும்பத்தோட மதுரை போகணும். இந்தக் காரை எடுக்கலாமா, பஸ்ஸுக்கே புக் பண்ணிடவா?