பணிக்காலம் முடிந்த தூதர்மீது குற்ற வழக்குத் தொடர முடியுமா?

கேள்வி: தூதராக இருந்தபோது ஒருவர் செய்த குற்றத்துக்கு, அவர் பணி முடிந்து நாடு திரும்பிய பிறகு, குற்றம் நடந்த நாடு வழக்குத் தொடர முடியுமா, அல்லது விலக்குரிமை (அந்நாட்டின் வழக்குகளிலிருந்து தூதர்களுக்குள்ள பாதுகாப்பு) வாழ்நாள் முழுவதும் அவரைக் காக்குமா?

பதில் 1: முடியும். தூதரக உறவுகள் குறித்த 1961ஆம் ஆண்டின் பன்னாட்டு வியன்னா உடன்படிக்கை, பிரிவு 39இன்படி, பணி முடிந்தவர் நாட்டைவிட்டு வெளியேறியதும் விலக்குரிமை முடிந்துவிடுகிறது. தூதரகக் கடமையாகச் செய்த செயல்களுக்கு மட்டுமே அது தொடரும். தனிப்பட்ட குற்றம் எதுவும் கடமையாகாது.

பதில் 2: இந்திய வெளியுறவு அதிகாரி தேவயானி கோப்ரகடேயின் வழக்கு இதை நன்கு விளக்கும். 2013 டிசம்பரில் நியூயார்க்கில் கைதான அவர் அப்போது அங்குள்ள இந்தியத் துணைத் தூதரகத்தில் துணைக் கன்சல் ஜெனரல். அப்பதவிக்கு அலுவல் சார்ந்த விலக்குரிமை மட்டுமே உண்டு. 2014 ஜனவரி 8 அன்று ஐ.நா.வுக்கான இந்தியத் தூதுக்குழுவில் முழு விலக்குரிமை பெற்றார். மறுநாளே குற்றப்பத்திரிகை தாக்கலானது. குற்றம் சாட்டப்பட்ட நாளில் விலக்குரிமை இருந்ததால் மார்ச் 12 அன்று நீதிமன்றம் அதைத் தள்ளுபடி செய்தது. ஆனால் அவர் ஏற்கெனவே நாட்டைவிட்டு வெளியேறியிருந்ததால், இரண்டே நாளில் புதிய குற்றப்பத்திரிகை வந்தது.

பதில் 3: அனுப்பிய நாடே விலக்குரிமையைக் கைவிடவும் பிரிவு 32 இடமளிக்கிறது. 1997இல் வாஷிங்டனில் தன் தூதரக அதிகாரி குடிபோதையில் ஏற்படுத்திய விபத்தில் ஒரு சிறுமி இறந்தபோது, ஜார்ஜியா நாடு அவ்வாறே செய்தது. அவர் அமெரிக்காவில் சிறைத் தண்டனை பெற்றார். பாதிக்கப்பட்ட குடும்பத்துக்கு இதுவே நேர்மையான வழி என்று நான் உறுதியாகக் கருதுகிறேன்.